எண்பத்தாறில் ஆடும் காடி

வேகமுள் எண்பத்தாறைத் தொட்டபோது மணியத்தின் மேல்வரிசைப் பல்செட் கழன்று அவர் மடியில் விழுந்தது.

விழுந்த பிறகும் அது அடங்கவில்லை. மடியிலேயே துள்ளிக்கொண்டிருந்தது. ஜீவன் அதைக் கவனிக்காதவன்போல் நெடுஞ்சாலையை வெறித்தான். பின்சீட்டில் இருந்த வாசுகி, அறுவடை முடிந்த வயலில் என்னவோ அதிசயம் நடப்பதுபோல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அந்த நிமிடத்தில் வண்டிக்குள் சிரித்த முகத்தோடு இருந்தவை அந்தப் பற்கள் மட்டும்தான்.

மணியம் அவற்றை எடுத்துத் துடைத்து, மீண்டும் வாயில் மாட்டிக்கொண்டார். அலோர் ஸ்டார் வரும்வரை வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டே வந்தார்.

மணியம் சாதாரண ஆள் அல்ல. அலோர் ஸ்டாருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். இரண்டு விஷயங்களை அவர் நம்பியதே இல்லை. ஒன்று கடவுள், இன்னொன்று மற்றவர்களின் டிரைவிங். மற்ற டிரைவர்கள் சாமி படம் வைக்கும் இடத்தில் அவர் டயரின் காற்றழுத்தம் பார்க்கும் கருவியை வைத்திருந்தார். அவர் வசிக்கும் திகாம் பத்துவில் எந்தக் கோயில் திருவிழா நடந்தாலும், ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிப் போகும் முதல் ஆள் அவர்தான்.

அவருடைய ஒரே மகள் வாசுகி. அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவன் ஜீவன். குருண் வட்டாரத்து எஸ்டேட்டுகளுக்கும் சின்னத் தோட்டக்காரர்களுக்கும் செம்பனைக் கன்றும் உரமும் ஏற்றிப் போவது அவன் தொழில். வண்டி, நான்கு பேர் ஓட்டித் தேய்த்த பிறகு அவன் கைக்கு வந்த நான்கு கதவுப் பிக்கப். பெண் கேட்கப் போனவனிடம் மணியம் ஜாதகமும் கேட்கவில்லை, சம்பளமும் கேட்கவில்லை. என்னை ஒருமுறை அந்தக் காடியில் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடு என்று மட்டும் சொன்னார். அதன் பலன்தான் மடியில் விழுந்த பற்கள்.

வீட்டு வாசலில் இறங்கிய பிறகு தீர்ப்பு வந்தது.

"ஒரு காடி ஆடுறதையே நிறுத்தத் தெரியல. நாளைக்கு வீட்டுல ஒண்ணு ஆடுனா என்னா செய்வே, தம்பி?"

ஜீவன் பதில் தேடுவதற்குள் அவரே நிபந்தனையைச் சொன்னார். அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு, அலோர் ஸ்டாரில் சொந்தக்காரர் வீட்டு ரிசப்ஷன். அதற்கு இதே பிக்கப்பில் போகவேண்டும். ஹைவேயில் நூறில் ஓடவேண்டும். ஆடாமல் போனால் கல்யாணப் பேச்சு. ஆடினால், ஈப்போவிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் போன் போகும். ஈப்போக்காரன் புதுக் கார் வைத்திருக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"யாரோட புதுக் காடியையும் இரவல் வாங்கிட்டு வந்து நிக்காத. இதே காடி. நூறுல. நான் முன்சீட்டுல."

*

ஜீவனுக்குக் குற்றவாளி யாரென்று ஏற்கனவே தெரியும். டயர் கடைக்காரன்.

சாட்சியம் பலமாகத்தான் இருந்தது. நான்கு டயர்களையும் புதிதாக மாற்றிய அதே வாரத்தில்தான் நடுக்கம் தொடங்கியது. எண்பத்தைந்து வரை வண்டி சாது. எண்பத்தாறில் பேய் பிடிக்கும். யாராக இருந்தாலும் டயர்மேல்தான் சந்தேகப்படுவார்கள். ஜீவன் கடைக்குப் போய்ச் சத்தம்போட்டான். கடைக்காரன் சக்கரங்களைக் கழற்றி, எந்திரத்தில் சுழற்றி, எந்தப் பக்கம் கனம் குறைவோ அந்தப் பக்கத்தில் சின்ன ஈயத்துண்டுகளை ஒட்டி அனுப்பினான். நடுக்கம் நிற்கவில்லை. மறுபடி போனான். மறுபடி ஒட்டினான். மூன்றாவது முறை ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்து, ரோட்டில்தான் கோளாறு, அரசாங்கத்திடம் போய்ச் சொல் என்று அனுப்பிவிட்டான்.

பிறகு குருணில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் யோகேந்திரன். நல்ல மனிதன். ஆனால் அவனுடைய சந்தேகம் எப்போதும் ஒரே வழியில்தான் போகும்: அலமாரியில் எந்த உதிரிப்பாகம் தூசு படிந்து கிடக்கிறதோ, அதுதான் வண்டியில் கெட்டுப்போயிருக்கும். அப்படித்தான் பால் ஜாயிண்ட் மாறியது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் மாறின. ஷாக் அப்சார்பர் மாறியது. ஒவ்வொரு தடவையும் கையைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் பட்டு மாதிரி ஓடும் என்று உறுதி கொடுத்தான். பட்டு மாதிரிதான் ஓடியது. எண்பத்தாறில் யாரோ அந்தப் பட்டைக் கிழித்தார்கள்.

சனிக்கிழமை வாசுகியே ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டாள்.

அவள் குருணில் ஒரு கையுறை ஆலையில் தரப் பரிசோதகி. நாள் முழுக்கக் கையுறை ஏன் கிழிகிறது என்று கண்டுபிடிப்பதே வேலை. யோகேந்திரனிடம் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இவ்வளவு மாற்றினீர்களே, எதையாவது மாற்றியபோது நடுக்கம் கொஞ்சமாவது கூடியதா, குறைந்ததா? யோகேந்திரன் யோசித்துவிட்டு இல்லை என்றான். அப்படியென்றால் நீங்கள் மாற்றிய எதுவும் காரணம் இல்லை என்றாள். அதுவரை மாற்றிய சாமான்கள் மூலையில் குவிந்து கிடந்தன. யோகேந்திரன் அந்தப் பக்கம் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்காரச் சொன்னான்.

"ஆடுதுன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருக்கீங்க. எங்க ஆடுது? எப்ப ஆடுது? அதைப் பாருங்க லா முதல்ல" என்றாள் வாசுகி.

அதைப் பார்க்கத்தான் ஜீவனும் அவளும் குருண் டோலில் ஹைவே ஏறினார்கள். பெண்டாங் டோலில் இறங்கித் திரும்பிவருவதாகத் திட்டம். காதலர்கள் இருவர் சனிக்கிழமை மாலையில் ஜோடியாகப் போகும் அழகான பயணம்தான். வாசுகி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் பதித்துக்கொண்டு, பாம்பு வரப்போகிறது என்று காத்திருப்பவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

எண்பத்தாறு. வந்துவிட்டது.

ஸ்டியரிங் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஜீவன் முதல்முறையாகத் தன் கையைக் கவனித்தான். ஸ்டியரிங் ஆடவே இல்லை. ஆடியது சீட்டும் தரையும்தான். அவளுடைய பாதத்துக்குக் கீழே, வண்டியின் நடுவயிற்றிலிருந்து அது உதறிக்கொண்டு வந்தது. அப்படியானால் முன் சக்கரங்கள் இல்லை.

பின்னால் வண்டி எதுவும் வராத இடமாகப் பார்த்து, கியரை நியூட்ரலில் தள்ளச் சொன்னாள். எஞ்சின் சத்தம் சட்டென்று தணிந்தது. நடுக்கம் தணியவில்லை. எஞ்சின் தூங்கினாலும், வேகம் எண்பத்தாறுக்குக் கீழே இறங்கும்வரை அது உதறியது. அப்படியானால் எஞ்சினும் இல்லை. சக்கரங்களோடு சேர்ந்து சுழல்கிற ஏதோ ஒன்று.

திரும்பி வந்ததும் யோகேந்திரன் தன் சொந்தப் பிக்கப்பின் நான்கு சக்கரங்களையும் கழற்றி ஜீவனின் வண்டியில் மாட்டினான். மீண்டும் ஹைவே. மீண்டும் எண்பத்தாறு. மீண்டும் அதே உதறல். டயர் கடைக்காரன் நிரபராதி. அதன் பிறகு ஜீவன் அந்தக் கடை வழியாகப் போகும்போதெல்லாம் ரேடியோவைத் திருகுவதுபோல் குனிந்துகொண்டான்.

மிச்சமிருந்தது ஒன்றுதான். எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீண்ட இரும்புத் தண்டு. ப்ரொப்பெல்லர் என்பான் யோகேந்திரன். பின்சக்கரங்களைத் தரையைவிட்டுத் தூக்கி நிறுத்தி, அட்டையைப் போட்டுக் கீழே சறுக்கிப் போனான். தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றினான்.

பாதிச் சுற்றில் ஒரு புடைப்பு வந்தது. கைமுட்டி அளவுக்குச் சேற்றுக் கட்டி, தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும். யோகேந்திரன் அதை முன்பே பார்த்திருக்கிறான். வண்டி முதலில் வந்த அன்றே பார்த்தான். கம்பெனியே கனம் சரிபார்த்து ஒட்டிய இரும்பாக்கும் என்று விட்டுவிட்டான். இப்போது ஸ்குரூடிரைவரால் சுரண்டினான். முதலில் எஸ்டேட் மண் உதிர்ந்தது. அதற்குள் கறுத்துப்போன துணி. துணியைக் கீறினால் அடியில் சிவப்பு. சிவப்புக்கு அடியில் மஞ்சள் நூல். நூலுக்கு அடியில், இரண்டு முனையும் அடைத்த செப்புக் குழாய் ஒன்று, தண்டோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

வண்டிக்கு அடியிலிருந்து யோகேந்திரனின் குரல் மிக மரியாதையாக வந்தது.

"ஜீவா, ஒங்க அம்மா வீட்டுல இருக்காங்களா?"

*

ஜீவனின் அம்மா செல்லாயி மறுக்கவில்லை. இத்தனை நாளாக ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மகனுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. அவள் பிச்சையிடம் போனாள். பிச்சை வாரநாட்களில் ஏர்கோன் மாட்டுகிறவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அவன்மேல் முனியாண்டி இறங்குவார். மற்ற நாட்களில் அவனைத் தம்பி என்றும், வெள்ளியன்று சாமி என்றும் கூப்பிடுவது செல்லாயியின் வழக்கம். சாமி அன்றைக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பையன் ஓயாமல் வண்டியில் சுற்றுகிறான், அவனுடைய கல்யாணத் தடையும் வண்டியோடுதான் சுற்றுகிறது. குழாயில் அடைத்த மந்திரத் தகட்டைச் சுழல்கிற இடத்தில் கட்டவேண்டும். சுற்றச் சுற்றத் தடை அறுந்து விழும். ஒரு மண்டலம் முடியும்வரை கழற்றக்கூடாது.

முன்பு ஒருமுறை பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டபோது, வெட்கமாக இருக்கிறதென்று ஜீவன் அறுத்து எறிந்திருந்தான். அதனால் இந்த முறை ரகசியம். செல்லாயி மகனுக்கு மீன்குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். அவன் இரண்டாவது தட்டு சாப்பிட்டு முடிப்பதற்குள், பிச்சை வண்டிக்கு அடியில் போய் வேலையை முடித்துவிட்டு வந்துவிட்டான். புது டயர் போட்ட வாரம் அது.

கல்யாணத் தடையை அறுக்கக் கட்டியதுதான் கல்யாணத்தையே அறுத்துக்கொண்டிருக்கிறது என்று ஜீவன் தொண்டைத்தண்ணி வற்ற விளக்கினான். செல்லாயி அதை ஏற்கவில்லை. தகடு கட்டிய பிறகுதானே அந்த மணியம் உன் வண்டியில் ஏறினார் என்று திருப்பிக் கேட்டாள். மண்டலம் ஞாயிற்றுக்கிழமைக்கு வெகுநாள் கழித்துத்தான் முடிகிறது.

"அதுக்கு முன்னாடி கழட்டுனே, நான் மணவறைப் பக்கமே வரமாட்டேன். தாலிய நீயே எடுத்துக் குடுத்து நீயே கட்டிக்க."

சொன்னால் செய்கிறவள். ஜீவனின் சித்தப்பா மகன் கல்யாணத்தில் அழைப்பிதழில் பெயர் விட்டுப்போனதென்று, மண்டபத்துக்கு வெளியே கார் நிறுத்துமிடத்திலேயே முழுக் கல்யாணமும் முடியும்வரை உட்கார்ந்திருந்தவள்.

தகடு இருந்தால் மாமனார் இல்லை. தகட்டை எடுத்தால் அம்மா இல்லை. ஜீவன் வாசலில் உட்கார்ந்து ஈப்போ மாப்பிள்ளையின் புதுக் காரைப்பற்றி நினைக்கத் தொடங்கினான். என்ன நிறமாக இருக்கும் என்பதுவரை போய்விட்டான். கூடவே வந்திருந்த வாசுகி பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு, டயர் கடைக்காரன் கனமான பக்கத்திலிருந்து எதையாவது எடுத்தானா என்று கேட்டாள்.

எடுக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஒட்டினான்.

"அப்ப இதுலயும் எதிர்ப்பக்கம் இன்னொண்ணு கட்டு."

*

பிச்சையைத் தேடிப் போனபோது அவன் குருணில் ஒரு துணிக்கடை வாசலில் ஏணிமேல் நின்று, அரைக்கால் சட்டையோடு ஏர்கோனைச் சுவரில் பொருத்திக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை என்பதால் உடம்பில் முனியாண்டி இல்லை. வாசுகி மிகவும் பணிவாகத் தன் கோரிக்கையைச் சொன்னாள். மாப்பிள்ளைக்குத் தகடு கட்டியாகிவிட்டது. பெண்ணுக்கும் தடை இருக்குமல்லவா? அப்பாவே பெரிய தடை. அதே மாதிரி, அதே கனத்தில், பெண்ணின் பெயரிலும் ஒன்று வேண்டும்.

பிச்சை ஏணியிலிருந்தபடியே அவளைப் பார்த்தான், ஜீவனைப் பார்த்தான், கடைசியாகச் சாலையோரம் நின்ற பிக்கப்பைப் பார்த்தான். சாமி இறங்காத நாளில் அவனுக்கு விஷயங்கள் சீக்கிரம் புரியும். எவ்வளவு வேகத்தில் ஆடுகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

முதல் குழாய், ஏர்கோன் வேலையில் மிஞ்சிய செப்புப் பைப்பிலிருந்து வெட்டியது. அந்தப் பைப்பின் மீதி அவன் பெட்டியிலேயே இருந்தது. அதே நீளத்துக்கு அளந்து வெட்டினான். உள்ளே ஒரு தகட்டைச் சுருட்டிவைத்துத் திருநீறு போட்டான். பிறகு தூண்டில் போடுகிறவர்கள் நூலில் கட்டும் ஈயக் குண்டுகளை, முன்புபோலவே, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான். முனியாண்டிக்கு எதற்குத் தம்பி தூண்டில் ஈயம் என்று, வண்டியிலிருந்து இறங்கி வந்த செல்லாயி சந்தேகமாகக் கேட்டாள். கனம் இருந்தால்தான் அக்கா மந்திரம் உள்ளே உட்காரும் என்றான்.

பெண்ணுக்கும் ஒன்று என்பது செல்லாயிக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் யோகேந்திரன் இரண்டாவது குழாயைத் தண்டின் மறுபக்கத்தில் வைத்துக் காட்டியபோது அவளுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கின்றனவே, அபசகுனம் இல்லையா என்றாள்.

"எல்லாப் புருசன் பொண்டாட்டியும் கொஞ்ச நாள்ல அப்படித்தானக்கா" என்றான் குழாயோடு வந்திருந்த பிச்சை.

செல்லாயி ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். சூடம் கொளுத்த வேண்டும் என்று மட்டும் பிடிவாதம் பிடித்தாள். டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நெருப்பு கொண்டுவந்தால் கல்யாணம் நடக்காது, கருமாதிதான் நடக்கும் என்று யோகேந்திரன் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதால், சாலைக்கு அந்தப்பக்கம் நின்று வண்டியைப் பார்த்துச் சூடம் காட்டினாள். எதிரே இருந்த காய்கறிக் கடைக்காரர் தனக்குத்தான் காட்டுகிறாள் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

முதல் ஓட்டத்தில் எண்பத்தாறு வந்தது, போனது. தொண்ணூற்றைந்தில் பாதத்துக்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல் லேசான குறுகுறுப்பு. திரும்பிவந்து, இரண்டாவது குழாயை ஒரு விரலளவு நகர்த்தி, கம்பியில் ஒரு சுற்றுக் கூட்டினார்கள். மறுபடி ஓட்டினார்கள். நூறில் வாசுகி கண்ணை மூடி, பாதத்தால் நெடுநேரம் கேட்டுப்பார்த்தாள். பிறகு கண்ணைத் திறந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

மிச்சம் ஒரே ஒரு சிக்கல். வண்டி எப்படிச் சரியானது என்பது மணியத்துக்குத் தெரியக்கூடாது. மகளைத் தகடு கட்டுகிறவன் வீட்டுக்கு அனுப்புவதைவிட அவளை ஈப்போவுக்கு நடத்தியே கூட்டிப்போவார்.

*

ஞாயிற்றுக்கிழமை மணியம் முன்சீட்டில் ஏறினார். ரிசப்ஷனுக்குச் செல்லாயியையும் அழைத்திருந்தார்கள். அவள் பின்சீட்டில் வாசுகிக்குப் பக்கத்தில். வாயைத் திறக்கக்கூடாது என்று ஜீவன் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

டோல் தாண்டியது. எண்பது. எண்பத்தாறு. தொண்ணூறு. மணியம் டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கதவில் வைத்துப் பார்த்தார். குனிந்து, கியர் கம்பியை இரண்டு விரலால் தொட்டார். நூறு. வண்டி ஆற்றில் தோணி போவதுபோல் போனது. முந்திச் சென்ற ஒரு லோரியைக்கூட ஜீவன் மன்னித்தான்.

என்ன கோளாறு என்று மணியம் கேட்டார். ப்ரொப்பெல்லர் தண்டு, மாமா, ஒரு பக்கம் கனமாக இருந்தது என்றான் ஜீவன். மணியம் மெல்லத் தலையசைத்தார். சரியான பதில். அவரிடம் அப்படியொரு தலையசைப்பை வாசுகி பார்த்ததே இல்லை. பிறகு அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"யாரு பேலன்ஸ் பண்ணிக் குடுத்தது?"

ஜீவன் யோகேந்திரன் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பின்சீட்டில் சத்தியம் முறிந்தது.

"எல்லாம் சாமி செஞ்சது" என்றாள் செல்லாயி.

மணியம் திரும்பிப் பார்த்தார். செல்லாயி சங்கடப்படாமல் முழுக்கதையையும் சொன்னாள்: முனியாண்டி, மண்டலம், மீன்குழம்பு, ஜோடித் தகடு. ஜீவனுக்குக் காதில் எதுவும் விழவில்லை. வழியிலிருந்த ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார் மணியம்.

இறங்கினார். சட்டைக் கையை மடித்தார். செல்லாயி விசிறிக்கொள்ள வைத்திருந்த பழைய பத்திரிகையை வாங்கித் தரையில் விரித்து, ரிசப்ஷனுக்கு உடுத்திய வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் போய்விட்டார். வெளியே தெரிந்தவை அவர் காலிலிருந்த இரண்டு கறுப்புச் சப்பாத்துகள் மட்டும். வாசுகி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சப்பாத்துகள் வெகுநேரம் அசையவில்லை. தண்டைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"பிளையர் இருக்கா?"

ஜீவன் சீட்டுக்கு அடியில் துழாவி எடுத்துக் கொடுத்தான். கழற்றப்போகிறார் என்று செல்லாயி நெஞ்சில் கை வைத்தாள். கம்பி முறுகும் சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று. பிறகு மணியம் வெளியே வந்தார். நெற்றியில் கிரீஸ், திருநீறு பூசியதுபோல் மூன்று கோடாக இழுபட்டிருந்தது. யாரும் அதைச் சொல்லத் துணியவில்லை.

"எடுத்துட்டீங்களா?" என்றாள் செல்லாயி.

"முறுக்கியிருக்கேன். வச்ச எடம் சரிதான். கட்டுனதுதான் மட்டம். அலோர் ஸ்டாருக்குள்ள அவுந்திருக்கும்."

"ஒங்களுக்குத்தான் சாமி நம்பிக்கை இல்லியே."

"அதனாலதான் கம்பிய முறுக்குனேன்."

பிறகு ஜீவனைப் பார்த்தார். மண்டலம் முடிந்து எடுக்கும்போது இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்கவேண்டும், ஒன்றை மட்டும் எடுத்தால் மறுபடி ஆடும் என்று சொன்னார். ஜீவன் சரிங்க மாமா என்றான். அந்த மாமாவை அவர் திருத்தவில்லை. கையை நீட்டிச் சாவியைக் கேட்டார்.

இப்போது மணியம் ஓட்டினார். பேசவேண்டியது இருக்கிறது என்று செல்லாயி தானாகவே முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். மண்டலம் முடிந்த பிறகு வரும் முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் என்றாள் அவள். முகூர்த்தமாவது மண்ணாங்கட்டியாவது, எல்லாருக்கும் லீவு கிடைக்கிற பொது விடுமுறையாகப் பார்க்கவேண்டும் என்றார் அவர். ராகுகாலம் என்றாள். மண்டப வாடகை என்றார். இரண்டு பேரும் குரலை ஏற்ற ஏற்ற, முள்ளும் நூறைத் தாண்டி ஏறியது. வண்டி ஆடவே இல்லை.

பின்சீட்டில், முதல்முறையாகக் கையில் ஸ்டியரிங் இல்லாமல் வாசுகிக்குப் பக்கத்தில், ஜீவன் உட்கார்ந்திருந்தான். முன்னால் சண்டை நன்றாகச் சூடுபிடித்த நேரம் பார்த்து, தன் கையை மெல்ல நகர்த்தி அவள் கைமேல் வைத்தான்.

மணியம் கண்ணாடியைப் பார்த்தார்.

"கைய எடு தம்பி. இன்னும் தேதி முடிவாகல."